பக்கத்து வீட்டுக் கடல்

ஈப்போவில் இருபத்தாறு வருஷமாகக் கொசுக்கடி, திடீர் வெள்ளம், பாசாருக்குப் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காத கொடுமை எல்லாவற்றையும் தாங்கியவள் நான். என்னால் தாங்க முடியாமல் போனது ஒரே ஒரு ஆளைத்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாசிக்காரர். இப்படி ஒருவரைச் செய்துவிட்டு, போதும், இனி இந்த மாதிரியில் வேண்டாம் என்று ஆண்டவனே முடிவெடுத்திருப்பான் என்பது என் கணிப்பு.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கும். புந்தோங் பக்கம் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஐஸ் லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் லுமுட் பக்கம் மீன்படகுகள் அணையும் ஜெட்டிகளுக்கு ஐஸ் கொண்டுபோவார். போகும்போது லோரியில் ஐஸ் இருக்கும். வரும்போது கடல் இருக்கும். தொங் என்று நாங்கள் சொல்கிற பிளாஸ்டிக் பீப்பாய்களில் உப்புத் தண்ணீர், அதற்குள் கொத்துக் கொத்தாகப் பழுப்புப் பாசி, அந்தப் பாசிக்குள் அவர் உயிரையே வைத்திருந்த றால்கள்.

றால் என்றதும் சம்பல் ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள். இது அரிசி நீளம், மிஞ்சினால் இரண்டு அரிசி நீளம். உடம்பு நூல்தான். பின்னங்கால்களால் பாசிக் கிளையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்று, முன்கைகள் இரண்டையும் மடக்கி, குனிந்து குனிந்து எழும். எதிரில் மந்திரி வந்து நிற்கிற மாதிரி நாள் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே இருக்கும். கும்பிடு றால் என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஒரு நாள் ஜெட்டியில் படகுக் கயிற்றோடு வந்த பாசியைக் கையில் எடுத்திருக்கிறார். அது உள்ளங்கையில் நின்று அவரைக் கும்பிட்டிருக்கிறது. ஆள் அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

“ஐம்பது வயசு வரைக்கும் என்னை யாருமே கும்பிட்டதில்லக்கா,” என்பார்.

அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. மற்றவர்கள் சோபா போடுகிற இடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டி. சாப்பாட்டு மேசை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது தொட்டி. காற்றடிக்கும் பம்ப் இருபத்து நாலு மணி நேரமும் எங்கள் வீட்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெரட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு கித்தா ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்தில் தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் செம்பனையாகி, லயங்களை இடித்து, ஆட்கள் எல்லாம் டவுனுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இவர் மட்டும் காலை ஆறு மணிக்கு, ஒரு கையில் டார்ச்லைட், ஒரு கையில் பூதக்கண்ணாடியோடு றால்களுக்குப் பெரட்டு எடுப்பார்.

“மொத நெரை! ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலாவது ஆளு எங்க? டேய் கங்காணி, கல்லுக்குப் பின்னால ஒனக்கு என்னடா வேல? முன்னுக்கு வா!”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன். பல ஊர்ப் பள்ளிக்கூட ஆபிசுகளில் முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்து, இனிமேலாவது ஏழு மணி வரை தூங்கலாம் என்று ஓய்வு பெற்றவள் நான். நேராகப் போய்க் கேட்டேன்.

“அண்ணே, அதுங்களுக்குக் காது இருக்கா மொதல்ல?”

“தெரியலக்கா.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?”

“இருந்துச்சுன்னா?” என்றார் பாசிக்காரர்.

இந்த மாதிரி ஆளிடம் என்னதான் பேசுவது? என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவருக்கு வாயில் இருப்பது ஒரே வார்த்தை. “விடு,” என்றார்.

ஒவ்வொரு றாலுக்கும் பெயர் வேறு வைத்திருந்தார். கங்காணி, பெரிய தொரை, மண்டோர் என்று தோட்டம் மொத்தமும் தொட்டிக்குள் இருந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில், “இந்திராணி! அடங்கு! அடங்குன்னு சொன்னேன்!” என்று ஒரு குரல். இந்திராணி என்பது என் பெயர். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

“பொம்பளக்கா,” என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். “மத்ததெல்லாம் வெரல காட்டினா பயந்து நகந்துரும். இது ஒண்ணுதான் கைய ஓங்கிட்டு சண்டைக்கு நிக்கும். அதான் ஒங்க பேரு.”

பார்த்தேன். என் பெயர் கொண்டது கிளை நுனியில் நின்று இரண்டு கையையும் ஓங்கிக்கொண்டு என்னையே முறைத்தது. இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று நாளைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

எங்கள் வரிசைக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. குப்பை லோரி எப்போது வரும், யார் வீட்டுப் பூனை காணோம், தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தது. பாசிக்காரர் அதில் தினமும் நான்கு நிமிஷ வீடியோ அனுப்புவார். வீடியோவில் பழுப்புப் பாசி ஆடும். நான்கு நிமிஷமும் ஆடும். கீழே, ‘எடது பக்கம் மூணாவது கிளை பாருங்க, சண்டை’ என்று எழுதியிருப்பார். இடது பக்கமும் பார்த்தோம், வலது பக்கமும் பார்த்தோம். ஒருத்தர் கண்ணிலும் ஒரு சண்டையும் பட்டதில்லை.

ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தேன். றால் சம்பல் என் கைப்பக்குவம், சும்மா சொல்லக்கூடாது, வரிசையே காத்திருந்து சாப்பிடும். ஐந்து கிலோ வாங்கிச் சமைத்தேன். தட்டும் கையுமாக எல்லோரும் உட்கார்ந்த நேரம் பார்த்து ஜாம் போத்தலோடு வந்து சேர்ந்தார் பாசிக்காரர்.

“எல்லாரும் கொஞ்சம் பாருங்க. இது ஆத்தா. மேல ஒட்டிக்கிட்டு இருக்குது பாத்தீங்களா, அதெல்லாம் பிள்ளைங்க. முட்டைய விட்டுட்டு போயிடாது. பிள்ளைங்க வெளிய வந்த பொறவும் மேலயே சுமந்துக்கிட்டு திரியும். பக்கத்துல எது வந்தாலும் அடிக்கும். ஒங்க தட்டுல இருக்கறது இதோட தூரத்துச் சொந்தம்.”

அவ்வளவுதான். நான்காவது வீட்டு அக்கா வாயில் போட்டதை அப்படியே திசுவில் துப்பினார். பிள்ளைகள் அழுதன. ஐந்து கிலோ சம்பல் வைத்த இடத்திலேயே ஆறிப்போனது. மனிதர் மட்டும் மூலையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

“ஒங்க சொந்தக்காரங்கண்ணே அது, தெரிஞ்சுதான் சாப்பிடுறீங்களா?” என்று பல்லைக் கடித்தேன்.

“சொந்தம் வேற, ருசி வேறக்கா,” என்றார்.

இதையெல்லாம்கூட மன்னித்தேன். என் கறிவேப்பிலை மரத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பின்பக்கம் கால்வாய் ஓரமாக நான் வைத்து வளர்த்த மரம் அது. வரிசையில் எந்த வீட்டில் தாளித்தாலும் அதன் இலைதான். பாசிக்காரர் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது பழைய உப்புத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டுவார். கால்வாய் அடைத்திருந்த ஒரு வாரம் அத்தனையும் என் மரத்தின் வேருக்குப் போயிருக்கிறது. பத்தே நாளில் மரம் மொட்டையாகிவிட்டது.

மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாளே ஒரு புதுக் கன்று வாங்கி வந்து நட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் பாசிக்காரர் இல்லையே. கன்றைச் சுற்றி மூன்று பை கடல்பாசியைக் கொட்டி அமுக்கினார்.

“பாசி நல்ல ஒரம்க்கா. சும்மா கிடுகிடுன்னு வரும் பாருங்க.”

கழுவாத பாசி. அதிலிருந்த உப்பில் கன்று ஒரே வாரத்தில் கருகியது.

அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போனை எடுத்தேன். அவருக்குப் பாகான் செராயில் கூடப்பிறந்த அக்கா ஒருவர் இருக்கிறார். எப்போதோ அவரே கொடுத்த நம்பர் என் போனில் கிடந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு மூச்சு விடாமல் கொட்டினேன். பெரட்டைச் சொன்னேன், தொட்டிகளைச் சொன்னேன், மேசை இல்லாமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறார் என்றேன், இரண்டு மரத்தையும் சொன்னேன்.

“ஒரு மனுசன் இப்படி தனியா இருந்தா புத்தி ஒரு நெலையில இருக்குமா? வந்து கூட்டிட்டுப் போங்கம்மா,” என்று முடித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து “ஞாயித்துக்கெழமை வாரேன்,” என்று ஒரே வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றது.

தண்ணீர் நின்றுபோனால் எங்கள் வரிசையில் ஒரு பழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எல்லோருடைய பின்வாசலும் திறந்திருக்கும். எந்த வீட்டுத் தொங்கில் தண்ணீர் இருக்கிறதோ அங்கே போய் முக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி நீலப் பிளாஸ்டிக் தொங் எல்லார் வீட்டிலும் நிற்கும். பாசிக்காரர் அடுப்படியில் மட்டும் இரண்டு நிற்கும். ஒன்று குழாய்த் தண்ணீர். மற்றது கடல் தண்ணீர், அடியில் கல்லைக் கட்டிப் போட்ட பாசிக்கொத்தோடு. பிள்ளை சுமக்கும் ஆத்தாக்களைத் தனியாக அதில்தான் விட்டிருந்தார். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று எழுதியிருந்தார். வருகிறவர்கள் பார்த்தால் வரிசைக்கே மானம் போகும், எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள் என்று சத்தம் போட்டுத் திருப்ப வைத்தது யார்? நான்தான்.

மருமகன் ஓட்டிவந்த காரிலிருந்து பாகான் செராய் அக்கா இறங்கினார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார். உட்கார நாற்காலி இல்லை என்பதையும் பார்த்தார். நான் எங்கள் வீட்டிலிருந்து மூன்று நாற்காலியும் ஒரு தட்டு முறுக்கும் கொண்டுவந்தேன். புகார் கொடுத்தவள் நான். சாட்சிக்கு நிற்க வேண்டாமா? பாசிக்காரர் டீ போட எழுந்தார்.

“நீங்க அக்காகிட்ட பேசுங்கண்ணே, நான் போடுறேன்,” என்று அடுப்படிக்குப் போனேன். வாசலை ஒட்டி நின்ற தொங்கின் மூடியைத் தூக்கி, மேலாக ஒரு கெட்டில் முக்கினேன். கண்ணாடி போடவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. டீத்தூளை நிறையப் போட்டு, டின் பாலை ஊற்றி, நாலு கப் கலக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

பாகான் செராய் அக்கா ஒரு வாய் குடித்தார். அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. மருமகன் கப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, காருக்குப் பெட்ரோல் போடணும் என்று எழுந்து போனவர் கடைசி வரை உள்ளே வரவில்லை. பாசிக்காரர் ஒரு வாய் குடித்தார். முகம் வெளுத்தது. கப்பைப் போட்டார், டார்ச்லைட்டை எடுத்தார், அடுப்படிக்கு ஓடினார்.

உள்ளேயிருந்து நடுங்கும் குரல் கேட்டது. “ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“யாரையம்மா எண்ணுறான்?” என்றார் அக்கா என்னிடம்.

நான் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பதினொன்று வரை எண்ணிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார் மனிதர். “எல்லா ஆத்தாவும் பிள்ளையோட பத்திரமா இருக்குக்கா!”

பாகான் செராய் அக்கா எழுந்தார். “கேட்டதெல்லாம் பொய்யா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டு வந்தேன்டா. வந்தவங்களுக்கு கடத்தண்ணியில டீ குடுக்குற. அது செத்துச்சா பொழச்சுச்சான்னு ஓடுற. போதும். துணிமணிய எடுத்து வை. எங்க வீட்டுல ரூம் சும்மாதான் கெடக்கு. கெளம்பு.”

இவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். என்னிடம் எத்தனை வாய் பேசியிருக்கிறார்! தலையைக் குனிந்துகொண்டு, “சரிக்கா,” என்றார். அக்கா பேச்சை அவர் என்றைக்குமே மீறியதில்லை போலிருக்கிறது.

“இதுகள மட்டும் லுமுட்ல கொண்டு போய் கடல்ல விட்டுட்டு வரவா? மூணு மணி நேரத்துல வந்துருவேன்.”

“இப்பவே கெளம்புன்னு சொல்றேன்லா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, பம்ப மட்டும் நிறுத்திராதீங்க. நின்னா ஒரு நாள் கூட தாங்காதுங்க.” சொல்லிவிட்டு ஒரு துணிப்பையைத் தேடிக்கொண்டு அறைக்குள் போனார்.

நான் கேட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் அந்த மனிதர் ஐந்து சட்டையை மடிக்கத் தெரியாமல் மடிப்பது கதவு வழியாகத் தெரிந்தது.  

“டீ போட்டது நான்,” என்றேன்.

“என்னது?”

“நான்தாம்மா போட்டேன். உப்பு நான்தான் போட்டேன். எங்க வீட்டுல டீக்கு உப்புதான். ஒடம்புக்கு நல்லது.”

அக்கா என்னையே பார்த்தார். நம்பவில்லை. வேறு வழியில்லாமல் என் கப்பை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சுள்ளென்று தொண்டை எரிந்தது. “ஆகா,” என்றேன்.

அந்த நேரம் பார்த்து, நாற்காலி எங்கே என்று தேடிக்கொண்டு என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அக்கா ஒரு கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “குடிச்சுப் பாருங்கண்ணே. நல்லா இருக்கா?”

அவர் ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். அறைக்குள் துணி மடிக்கும் பாசிக்காரரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“இன்னிக்கு உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார்.

எத்தனை வருஷமாக என் வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் கட்டிக்கொண்டதற்குப் பலன் கிடைத்தது.

பாகான் செராய் அக்கா மறுபடி உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “நீங்கதானேம்மா போன் பண்ணி கூட்டிட்டு போகச் சொன்னீங்க?”

துணிப்பையோடு பாசிக்காரர் அறை வாசலில் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

“ஆமா. சொன்னேன்.”

“ஒங்க நம்பர என்கிட்ட எப்பவோ குடுத்து வச்சிருக்கான். எனக்கு ஏதாச்சும் ஆனா இவங்கதான் கூப்புடுவாங்கன்னு. அன்னிக்கு போன்ல ஒங்க பேரப் பாத்ததும் எனக்கு உசிரே போச்சு. தம்பி போயிட்டான்னே நெனச்சேன். தனியா கெடக்குறவன். ஒரு நாளு விழுந்து கெடந்தா யாரும்மா பாப்பா? அதுக்குத்தான் வந்தேன். டீக்காகவா வந்தேன்?”

கையிலிருந்த காலிக் கப்பைக் கீழே வைத்தேன். 

“நான் பாப்பேன்,” என்றேன். “தெனமும் இவரோட சண்ட போடாம எனக்குப் பொழுது போனதில்ல. ஒரு நாளு சத்தம் வரலன்னா மொத ஆளா கதவ ஒடச்சிக்கிட்டு நான் உள்ள நிப்பேன். நீங்க போங்க. அவரு இங்கயே இருக்கட்டும்.”

“அப்ப எதுக்கு கூட்டிட்டு போன்னு சொன்னீங்க?”

“கோவத்துல சொன்னேன்லா! இன்னும் நூறு தடவ சொல்லுவேன். நீங்க கேட்டுக்கிட்டு சும்மா இருங்க. வந்துராதீங்க.”

 அக்கா தம்பி கையிலிருந்த பையை வாங்கி, அறைக்குள் கட்டில் மேல் வைத்தார். முறுக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நாலு எடுத்துக்கொண்டார். காரில் ஏறும்போது மருமகனிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது: “தம்பி நல்லாத்தான்யா இருக்கான். தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது பக்கத்து வீட்டு அம்மாவத்தான்.”

கார் திரும்பும் வரை பாசிக்காரர் வாசல் கேட் அருகே கை காட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“என்னக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன்.”

“கறிவேப்பில மரத்துக்காகவா?”

“ஆமா.”

 “ஞாயந்தான்க்கா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமில்லை, வருத்தமில்லை. அப்படி ஒரு மனிதரிடம் எப்படித்தான் சண்டை போடுவது, சொல்லுங்கள்?

அன்று சாயங்காலம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிக் கழிவறைக்கு ஓடினோம். தண்ணீரும் வரவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் அந்த மனிதரைப் பாகான் செராய்க்கு என்ன, கப்பலேற்றியே அனுப்பிவிட வேண்டும் என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த அக்கா அவரைக் கூட்டிப் போயிருந்தால், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, நான் தாங்கியிருக்க மாட்டேன்.